கழுத்துப் படத்தில் ஒரு கை

அடுத்தவர் பிள்ளைகளின் எக்ஸ்ரே படங்களை இருட்டறையில் உட்கார்ந்து பார்த்துச் சொல்வதுதான் டாக்டருக்கு வேலை. கழுத்துப் படத்தில் மூச்சுக்குழல் தண்ணீர் வற்றிய வாய்க்கால்போலக் கறுப்பாகத் தெரியும். எங்கே அடைப்பு என்று காபி குடித்துக்கொண்டே சொல்லிவிடுவார். இன்று திரையில் இருந்தது அவருடைய வாயாடியின் கழுத்து. நான்கு வயது மகள். காலையிலிருந்து நாய் குரைப்பதுபோல இருமல், மூச்சை இழுத்தால் கொர்ரென்று சத்தம். காபி தொடாமலே ஆறிப்போயிருந்தது.

பார்க்கப் பார்க்க, அந்தக் கறுப்புப் பாதையில் தானே இறங்கி நடப்பதுபோல இருந்தது அவருக்கு. கழுத்தெலும்புக்கு முன்னால் மெல்லிய பட்டையாக இருக்கவேண்டிய சதை, புடைத்துக்கொண்டு வழியை நெருக்கியது. நடக்க நடக்கச் சுவர்கள் கிட்டே வந்தன. சீழ்க்கட்டி! அறுவை டாக்டருக்குப் போன் போட்டார்.

"ஆபரேஷன் தியேட்டரத் தயார் பண்ணுங்க. கட்டியக் கீறணும்."

"இத்தனூண்டு கழுத்துலயா?" என்று பின்னால் நின்றிருந்த மனைவி அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் மறுபடி திரைக்குள் போனார். படத்தின் ஓரத்தில் வெள்ளையாக நான்கு விரலெலும்புகள் மிதந்தன, ஒன்றில் மோதிரம். யாருடைய கை இது என்று கனவில் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டார். அவருடையதேதான். படம் எடுக்கையில் குழந்தை திமிறியபோது, பெற்ற மனம் கேட்காமல், பின்னந்தலையை அழுத்திப் பிடித்திருந்தார். கழுத்தை மடக்கி, அழுது மூச்சை விடும்போது எடுத்தால் நோயில்லாத பிள்ளைக்கும் சதை இப்படித்தான் புடைத்துத் தெரியும். தொண்டை வற்ற மாணவர்களுக்கு இதைச் சொல்பவரே அவர்தான்.

மறுபடி எடுத்தார்கள். மனைவி குழந்தையின் கைகளைப் பிடித்துக்கொள்ள, அவர் கண்ணாடிக்கு அப்பால் போய் நின்றார். ஸ்டூலில் உட்கார்ந்திருந்த வாயாடி அப்பாவைத் தேடிக் கழுத்தை நீட்டினாள். கண்டதும் கூப்பிட மூச்சை இழுத்தாள். அந்த நொடியில் படம் விழுந்தது.

புடைப்பு இல்லை. முன்பக்கமிருந்து நேராக எடுத்த இன்னொரு படத்தில் மட்டும், குரல்வளைக்குக் கீழே பாதை பென்சில் முனையாகக் கூம்பியிருந்தது. சளிக் காய்ச்சலோடு வரும் வீக்கம்; சிரப்புக்கும் மருந்துப் புகைக்கும் அடங்கிவிடும். தியேட்டர் வேண்டாமென்று சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்தார். போன உயிர் திரும்பி வந்தது.

"அப்போ மொதப் படத்துல புள்ளையோட மூச்ச நெருக்கினது என்னங்க?" என்று கேட்டாள் மனைவி.

"நான்தான்," என்றார்.