லா ரோஷ் வீட்டை வாங்க வந்தவர்கள்

தரகன் கென்ரிக் பியேர் விற்பனைப் பலகையைக் கொண்டுவந்து லா ரோஷ் வீட்டு வாசல் தூணில் ஆணியடித்தபோது, இஸ்மே நோயல் சமையலறையில் சீமைப்பலா சீவிக்கொண்டிருந்தாள். சுத்தியல் சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. அவள் எழுந்து போய்ப் பார்க்கவில்லை. வேலை முடிந்ததும் அவனே பின்பக்கமாக வந்து தண்ணீர் கேட்டான்.

"எழுத்தைப் பெருசாப் போட்டிருக்கேன் மிஸ் இஸ்மே. கிரென்வில் பஸ்ல போறவனுக்கும் கண்ணுல படும்."

"பஸ்ல போறவனா இதை வாங்கப்போறான்?"

கென்ரிக் சிரித்தான். "இந்த வாயை மட்டும் வர்றவங்ககிட்ட காட்டிடாதீங்க. எனக்காகக் கொஞ்சம் இனிப்பாப் பேசுங்க."

சமையல்காரியாக அவள் அங்கே வந்தபோது வயது இருபத்தொன்பது. இப்போது ஐம்பத்தெட்டு. கீழே கல்லும் மேலே மரமுமாக நின்ற அந்தப் பெரிய கொக்கோ எஸ்டேட் வீட்டின் கடைசி முதலாளி ஃபார்க்கர். பக்கவாதம் வந்து ஒன்பது வருடம் படுக்கையில் கிடந்தார். சோறூட்டியது, குளிப்பாட்டியது, புண் வராமல் புரட்டிப் படுக்கவைத்தது எல்லாம் இஸ்மேதான். கோணிய வாயால் ஒருநாள் சொன்னார்: "நீ இருக்கிறவரைக்கும் இந்த வீட்டுலயே இரு இஸ்மே. சொல்லி வச்சிருக்கேன்." யாரிடம் சொல்லிவைத்தார் என்பது தெரியாமலே போயிற்று. அவர் செத்த பிறகு இங்கிலாந்திலிருந்து அண்ணன் மகன் எழுதிய கடிதத்தில் அந்தப் பேச்சே இல்லை. அவள் செய்த சேவைக்கு நன்றி. வீடு விற்கும்வரை அங்கேயே இருக்கலாம், சம்பளம் வரும். சன்னல்களைத் திறந்து காற்றாட விட வேண்டும், பார்க்க வருகிறவர்களுக்குச் சுற்றிக்காட்ட வேண்டும். விற்றதும் காலி செய்ய வேண்டும். அவ்வளவுதான்.

காலி செய்து எங்கே போவது? சரிவில் இருந்த அவளுடைய அம்மாவின் பலகை வீட்டை, தீவையே புரட்டிப்போட்ட ஐவன் புயல் அப்படியே அள்ளிக்கொண்டு போய்விட்டது. நிலம் எஸ்டேட்டுடையது என்பதால் திரும்பக் கட்ட வழியில்லை. சொந்தமென்று மிச்சம் இருப்பது சித்தி மகன் காஸ்மஸ் ஒருவன். முச்சந்தியில் ரம் கடை வைத்திருக்கிறான். அவன் மனைவி ஜோய்லினுக்கு இஸ்மேயைக் கண்டாலே ஆகாது.

முதலில் பார்க்க வந்தவர்கள் ஒரு வயதான வெள்ளைக்காரத் தம்பதி. அந்த அம்மாள் சுவரை மோந்து பார்த்துவிட்டு, ஈரம் ஏறுமா என்று கேட்டாள்.

"மழைக்காலத்துல துணி காயாது மேடம். அலமாரியில வச்ச செருப்புல பூஞ்சை பூத்துடும்."

அது உண்மைதான். கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவே. ஆனால் அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதையும், மாடிக்குக்கூட ஏறாமல் காரைத் திருப்பிக்கொண்டு போனதையும் இஸ்மே கவனித்தாள். அன்று சாயங்காலம் கொக்கோ காய்ச்சிக் குடித்தபடி நெடுநேரம் யோசித்தாள்.

அதன்பின் வந்தவர்கள் யாரும் உண்மையை மட்டும் கேட்டுவிட்டுப் போகவில்லை. ஊற்றுத் தண்ணீர் கோடையில் வற்றிவிடும் என்றாள். பரணில் வௌவால் குடியிருக்கிறது, விரட்டினாலும் திரும்ப வரும் என்றாள். பழைய கலகத்தின்போது மாடிக் கூடத்தில் மூன்று பேரை வெட்டிப்போட்டார்கள், அந்த இடத்தில் நாய்கூடப் படுக்காது என்றாள். வீட்டில் நாயே இல்லை. வந்தவர்கள் தலையாட்டினார்கள், படம் பிடித்துக்கொண்டார்கள், திரும்பி வரவில்லை.

"நீ வீட்டைக் காட்டுறியா, ஆளை விரட்டுறியா?" என்று கேட்டான் காஸ்மஸ்.

"வர்றவங்களுக்குத் தைரியம் இல்லை. அதுக்கு நான் என்ன பண்ண?"

"எனக்கென்ன போச்சு. ஒரு நாளைக்கு வீடு உன் தலையிலேயே விழாம இருந்தா சரி."

வாய்ப்பேச்சு எல்லோரிடமும் எடுபடாது என்பது இரண்டாவது வருடம் புரிந்தது. பார்படோஸிலிருந்து வந்த ஒருவன் எதற்கும் மசியவில்லை. பழுது எங்கே இருக்கிறது, காட்டு என்றான். காட்ட ஒன்றும் இல்லை. புயலுக்குப் பிறகு ஃபார்க்கர் போட்ட கூரை அது, சொட்டு ஒழுகாது. அவன் விலை பேரத்தில் விலகிக்கொண்டது அவளுடைய அதிர்ஷ்டம். அவன் போன மறுநாள் இஸ்மே ஏணியைத் தூக்கிக்கொண்டு மேற்கு அறையின் பக்கம் போனாள். இறவாரத்து ஓரமாக ஒரே ஒரு தகரத்தில் நாலு ஆணிகளைப் பிடுங்கினாள். மழை பெய்தால் உள்கூரையில் ஒரு கறை தெரியட்டும், அதற்கு மேல் வேண்டாம் என்றுதான் நினைத்தாள்.

அடுத்த மழையிலேயே கறை தெரிந்தது. தட்டு அளவுக்கு இருந்தது முறம் அளவுக்கு ஆயிற்று. அதைக் காட்டியே நாலு பேரை அனுப்பிவைத்தாள். அடைத்துவிடலாம் என்று சில நாள் தோன்றும். அடுத்த வாரம் யாராவது வருவதாக கென்ரிக் போன் செய்வான். சரி, இவர்கள் போகட்டும் என்று விட்டுவிடுவாள். அப்படியே இரண்டு மழைக்காலம் கடந்தது.

நாலாவது வருடம் மே மாதம் யூலா மட்டூரின் வந்தாள். கறுப்பினப் பெண், அறுபதைத் தாண்டியவள், ஜீன்ஸ், வெள்ளை ரப்பர் செருப்பு. இங்கே பிறந்தவள், புரூக்ளின் ஆஸ்பத்திரியில் முப்பத்தைந்து வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் என்று கென்ரிக் அறிமுகம் செய்துவிட்டு, போன் வந்ததால் முற்றத்துக்குப் போய்விட்டான். இஸ்மேக்கு அவளைப் பார்த்ததுமே பிடிக்கவில்லை. வெள்ளைக்காரர்களுக்குப் பயம் காட்டுவது எளிது. இவள் இந்த மண்ணிலிருந்து போனவள், வௌவாலுக்கும் பேய்க்கும் ஓடமாட்டாள்.

யூலா வீட்டைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. "நீங்க எங்க தூங்குறீங்க?" என்றாள்.

"பின்னாடி அறையில."

"தனியாவா?"

"ஏன் மேடம்? அந்த அறை உங்களுக்கு வேணுமா?"

"சும்மா கேட்டேன். பிள்ளைங்க இருக்காங்களா?"

"யாரும் இல்லை. என்னைக் கிளப்பணும்னா ஒரு பெட்டிதான். அரை மணி நேரம் போதும்."

யூலா அவளை ஒரு மாதிரி பார்த்தாள். கொக்கோ காயவைக்கும் கொட்டகையைப் பார்க்க வேண்டும் என்றாள். அங்கே, மழை வந்தால் உள்ளே தள்ளுவதற்காகத் தண்டவாளத்தில் ஓடும் பெரிய மரத்தட்டுகள் வெறுமையாகக் கிடந்தன. யூலா செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு தட்டில் ஏறினாள். காயும் விதைகளைக் காலால் கிளறுகிற பெண்கள் நடப்பதுபோல, காலை இழுத்து இழுத்து இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். அளவு பார்க்கிறாள், இதை இடித்துவிட்டு நீச்சல்குளம் கட்டப்போகிறாள் என்று இஸ்மே நினைத்துக்கொண்டாள். இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை அப்போது சொன்னாள்.

"மேடம், பாவம், நீங்க நம்ம ஊர் ஆளு. அதனால சொல்றேன். இந்த நிலத்து மேல வழக்கு இருக்கு. கீழ்ப்பக்கம் பூராவும் எங்களுதுன்னு மூணு குடும்பம் கோர்ட்டுக்குப் போயிருக்கு. கென்ரிக் சொல்லமாட்டான். வாங்கினீங்கன்னா உங்க காசு பதினஞ்சு வருஷத்துக்கு மாட்டிக்கும்."

யூலா தட்டிலிருந்து இறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டாள். "சொன்னதுக்கு ரொம்ப நன்றி" என்றாள். நிஜமாகவே நன்றியோடு சொன்னாள்.

ஆகஸ்டில் கென்ரிக் வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை. சமையலறைப் படியில் உட்கார்ந்து, தொப்பியை முழங்காலில் கவிழ்த்து வைத்தான்.

"அந்த நர்ஸம்மா கை விரிச்சுட்டாங்க மிஸ் இஸ்மே. எவனோ வழக்கு அது இதுன்னு காதுல ஓதியிருக்கான். நான் பதிவு ஆபீஸ்ல ரெண்டு தடவை தேடிட்டேன், ஒண்ணுமே இல்லை. ஆனா அவங்க வக்கீல், வழக்குன்னு பேச்சு அடிபட்டாலே ஆபத்துன்னு சொல்லிட்டாரு. அவங்களுக்கு இருக்கிறது அந்த ஓய்வுக் காசு மட்டும்தானே."

"போனாப் போகட்டும். வேற ஆள் வரும்."

"வரும். ஆனா உங்களுக்கு இந்த மாதிரி வராது." அவன் சட்டைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தான். "முடிவாகாம உங்களுக்கு ஆசை காட்ட வேணாம்னாங்க, அதான் சொல்லல. அவங்க அம்மா இந்தக் கொட்டகையிலதான் கொக்கோ மிதிச்சவங்களாம். வாங்கினா உங்களை இங்கேயே வச்சுக்கணும், பின்னறையை உங்க ஆயுசுவரைக்கும் எழுதித் தரணும், அதைப் பத்திரத்துலேயே சேர்க்க முடியுமான்னு கேட்டு எழுதியிருக்காங்க. பாருங்க, உங்க பேரே போட்டிருக்கு."

இஸ்மே கடிதத்தை வாங்கினாள். தன் பெயர் அங்கே இருந்தது, எழுத்துப் பிழையில்லாமல். மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். அடுப்பில் எதுவும் இல்லாதபோதும் எழுந்து அடுப்பங்கரைக்குப் போனாள்.

"எவன் சொன்னானோ, அந்த வாய் புழுத்துப் போகட்டும்" என்றான் கென்ரிக்.

இரண்டு நாள் அவள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் முச்சந்திக்கு நடந்துபோய், காஸ்மஸின் போனை வாங்கிக்கொண்டு, கென்ரிக்கிடம் நைசாக வாங்கிவைத்த யூலாவின் எண்ணை அழுத்தினாள். கடைக்குப் பின்னால் காலி பாட்டில் பெட்டிகளின் மேல் உட்கார்ந்து பேசினாள். சுற்றிவளைக்கவில்லை. வழக்கு பொய், நான்தான் சொன்னேன், என்னை வெளியே அனுப்பிடுவீங்கன்னு பயந்து சொன்னேன் என்றாள்.

"நான் இங்க என் தங்கச்சி வீட்டு மாடியை வாங்கிட்டேன், இஸ்மே. கையெழுத்தும் போட்டாச்சு. அந்தக் காசு போயிடுச்சு."

"திருப்ப முடியாதா மேடம்?"

"முடியாது." பிறகு யூலா சொன்னாள்: "முடிஞ்சாலும் வந்திருப்பேனான்னு தெரியல. நம்ம ஊர் ஆளுன்னு சொல்லி, என் கையைப் பிடிக்காத குறையாச் சொன்னீங்க. நானும் நம்பினேன். இனிமே நீங்க ஒரு டம்ளர் தண்ணி கொடுத்தாலும் நான் யோசிச்சுட்டுத்தானே குடிப்பேன். அப்படி ஒரே வீட்டுல எப்படி இருக்கிறது?"

இஸ்மே போனைத் துடைத்துக் காஸ்மஸிடம் கொடுத்தாள். என்ன ஆச்சு என்று அவன் கேட்டான். ஒன்றும் இல்லை என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் ஏணியை எடுத்தாள். அந்தத் தகரத்தையாவது அடித்துவிடலாம் என்று வாயில் ஆணிகளைக் கவ்விக்கொண்டு ஏறினாள். முதல் ஆணி இரண்டு தட்டிலேயே தலைவரை உள்ளே போனது. கையால் இழுத்ததும் வந்துவிட்டது. தகரத்தைத் தூக்கிப் பார்த்தாள். ரீப்பர் கட்டையைக் கரையான் அரித்து வெறும் தோல் நின்றது. அதற்குக் கீழே கைமரத்தில் விரலை வைத்து அழுத்தினாள், விரல் உள்ளே போனது. எவ்வளவு தூரத்துக்கு இப்படி இருக்கிறது என்று பார்க்க அவளுக்குத் துணிவில்லை. இறங்கிவிட்டாள்.

அடுத்த பிப்ரவரியில் வாங்கினவர்கள் யாரும் வீட்டுக்குள் வரவே இல்லை. ஒரு ஹோட்டல் கம்பெனி என்றார்கள். நில அளவைக்காரர்கள் இரண்டு பேர் மூன்று கால் கருவியைத் தூக்கிக்கொண்டு கடற்கரைப் பக்கமே சுற்றினார்கள். இஸ்மே சாவிக்கொத்தோடு போய் நின்றாள்.

"வீட்டைப் பார்க்கணுமா? திறந்துவிடவா?"

"வேணாம்மா," என்றான் ஒருவன், கருவியிலிருந்து கண்ணை எடுக்காமல். "வரைபடத்துல வீடு இல்லை. அந்த இடம் கார் நிறுத்தறதுக்கு."

அவர்கள் அவளிடம் எதுவும் கேட்கவில்லை.

மார்ச் மாதம் ஒரு புதன்கிழமை காலை இடிக்கும் இயந்திரம் வந்தது. கென்ரிக் அவளை அழைத்துப்போக வந்திருந்தான். இருவரும் சாதிக்காய் மரத்தடியில் நின்று பார்த்தார்கள். முன்பக்கத்துக் கல்சுவர் நெடுநேரம் தாக்குப்பிடித்தது. மேற்குப் பக்கம் வந்ததும் இயந்திரம் ஒருமுறைதான் முட்டியது. அறை, கூரை, மாடிக் கூடத்தில் பாதி, எல்லாம் சேர்ந்து சத்தமே இல்லாமல் உட்கார்ந்தது. ஓட்டுநர் இறங்கிவந்து தூசியைத் தட்டிக்கொண்டான்.

"நாலு நாள் வேலைன்னு பேசிக்கிட்டு வந்தோம். உள்ள பூராவும் மாவா இருக்கு. இன்னும் ஒரு மழைக்குத் தானாவே விழுந்திருக்கும்."

"எப்படிப்பட்ட மரம் தெரியுமா அது," என்றான் கென்ரிக். "இருநூறு வருஷம் நின்னது."

காரில் ஏறியபிறகு அவன் ஆறுதலாகப் பேசிக்கொண்டே வந்தான். சோத்தேர்ஸ் பக்கம் ஒரு பழைய வீடு விற்பனைக்கு வந்திருக்கிறது, பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், அறையும் சம்பளமும் தருவார்கள் என்றான். "உங்க பேரைச் சொல்லிட்டேன். இத்தனை வருஷம் ஒரு ஸ்பூன் காணாமப் போகல. உங்களை மாதிரி நம்பிக்கையான ஆளுக்கு நான் எங்க போவேன்?"

இஸ்மே மடியில் இருந்த பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"என்னைப் போடாத கென்ரிக். அந்த வழக்குக் கதையை நர்ஸம்மாகிட்ட சொன்னது நான்தான். மேற்குக் கூரையில ஆணியைப் பிடுங்கினதும் நான்தான்."

வளைவுகளில் எப்போதும் ஹாரன் அடிக்கிற கென்ரிக் இப்போது அடிக்கவில்லை. காஸ்மஸின் கடையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனபிறகுதான் நினைவு வந்து, வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்தினான். அவனே இறங்கி அவளுடைய பெட்டியை எடுத்துக் கடைத் திண்ணை மேல் வைத்தான்.

"இதை எதுக்கு என்கிட்ட சொன்னீங்க?" என்றான். "தெரியாமலே இருந்திருப்பேன்ல."

பதிலுக்கு அவன் காத்திருக்கவில்லை. கார் போய்விட்டது.

ஜோய்லின் கல்லாவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள், இஸ்மேயைப் பார்த்தாள்.

"பின்னாடி கொண்டு போய் வை," என்றாள். "மாவு மூட்டை மேல வைக்காத."

இஸ்மே பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.