கழுவிய பெட்ரோல்

“மொதல்ல உங்க பொண்ணை இந்த பிளேன்ல தனியா அனுப்புங்க கேப்டன். அது பத்திரமா இறங்கினா, அப்புறம் ஊரான் வீட்டுப் பொண்ணை ஏத்தலாம்.”

விமானப் பயிற்சிப் பள்ளியின் முதலாளியான கேப்டனிடமே அவள் இப்படிச் சொன்னாள். முதலாளி வீட்டைப் பற்றி வாயையே திறக்கக் கூடாது என்று, அவள் மெக்கானிக்காகச் சேர்ந்த அன்றே அக்காள் புருஷன் சொல்லியிருந்தார். சொன்னவர் பக்கத்திலேயே நின்றார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

அந்தப் பள்ளியில் எரிபொருளுக்கு அக்காள் புருஷனான அந்த மாமாதான் பொறுப்பு. விமானப் பெட்ரோல் வரத்து நின்றதிலிருந்து கார் பெட்ரோல்தான். அந்தச் சின்ன இன்ஜினுக்கு அது ஒத்துக்கொள்ளும், அனுமதியும் உண்டு. எத்தனால் மட்டும் கலந்திருக்கக் கூடாது, ரப்பர் குழாய்கள் ஊறிப்போகும். அதைக் கண்டுபிடிக்க மாமாவுக்குச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் தண்ணீர், அதன் மட்டத்தில் ஒரு கோடு, மேலே பெட்ரோல் ஊற்றிக் குலுக்க வேண்டும். எத்தனால் தண்ணீரோடு சேர்ந்துகொண்டு கோட்டைத் தாண்டி ஏறும். ஏறினால் அந்தப் பெட்ரோல் வேண்டாம்.

பங்க்கில் எல்லாமே கலப்பாகிப்போனதும் மாமா மூளையைக் கசக்கினார். பீப்பாயிலேயே தண்ணீரை ஊற்றிக் கலக்கினார். எத்தனால் தண்ணீரோடு அடியில் இறங்கியதும் வடித்துவிட்டார். மிச்சத்தைக் குழாயில் குலுக்கினால் கோடு அசையவே இல்லை. விமானம் மேலே ஏறும்போது இன்ஜின் தட்டுகிறது என்று புகார் வந்து, காலையில் அவள் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக்கொண்டு போய்க் கேட்டபோது, பெற்ற பிள்ளையைக் காட்டுவதுபோல் பீப்பாயைக் காட்டினார். “பாரு பட்டதாரி, துணி மாதிரி அலசிட்டேன்!”

கலப்புப் பெட்ரோலுக்குப் பாதித் தெம்பே எத்தனால்தான். அதை அலசி எடுத்தால் மிஞ்சுவது சோப்ளாங்கி. முழு வேகத்தில் ஏறும்போது சீராக எரியாமல் படாரென்று வெடித்து, பிஸ்டனைச் சுத்தியலாய் அடிக்கும். வீட்டில் முதல்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள், அவருக்குக் கோடு போடச் சொல்லிக்கொடுத்தாள். இதைச் சொல்லாமல் விட்டாள்.

கேப்டன் கோபப்படவில்லை. அதுதான் அவளுக்கு எரிச்சல்.

“கார் பெட்ரோல் போட்டு எவன்மா செத்தான்? கோடுதான் ஏறலையே.”

“கோடு எத்தனால் இருக்கான்னு சொல்லும். பெட்ரோல் உருப்படியான்னு சொல்லாது.” பிளக்கை மேசையில் வைத்தாள். வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவியதுபோல் பொடிப்பொடியாய் உலோகம். “இது பிஸ்டன்லேர்ந்து உருகித் தெறிச்சது.”

அவர் அதைத் தொடவில்லை. “அந்தப் பொண்ணு இன்னைக்குத்தான் முதல் தடவையா தனியா பறக்குது. அப்பா அம்மா வந்து உக்காந்திருக்காங்க. என்ன சொல்லச் சொல்றே?”

“இன்னைக்கு இல்லைன்னு.”

“அதைச் சொல்ல நீ யாரு?”

“வாய்க்கொழுப்பு கேப்டன், மனசுல வெச்சுக்காதீங்க,” என்றார் மாமா. பிறகு அவள் பக்கம் திரும்பி, குரலை இறக்கி, “என் சோத்துலயும் மண்ணப் போட்டுடாதே. உங்க அக்காவை நினைச்சுப் பாரு.”

நினைத்துப் பார்த்தாள். அக்காவின் முகம் வந்தது. அதற்குப் பக்கத்திலேயே, வரவேற்பறை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணின் அம்மாவுடைய முகமும்.

“பிளக்கை மாட்டிட்டு பிளேனை வெளிய நிறுத்து,” என்றார் கேப்டன். “இல்லேன்னா நாளையிலேர்ந்து வராதே.”

அவள் பிளக்கை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கதவைச் சாத்தாமல் வெளியே வந்தாள்.

விமானம் நிற்கும் ஹேங்கர் கொட்டகையில், கழுத்தில் ஹெட்ஃபோனை மாட்டியபடி மாணவி நின்றிருந்தாள். “அக்கா, ரெடியா?”

“இன்னைக்கு இல்லம்மா.”

நிற்காமல் கேட்டை நோக்கி நடந்தாள். பின்னால், கேப்டனின் அறைக்குத் தான் போவதற்கு முன்பே அவள் விமானத்தின் இறக்கைக்கு அடியில் திறந்துவிட்டிருந்த டாங்கின் வடிகுழாயிலிருந்து, கழுவிய பெட்ரோலின் கடைசி இழை அறுந்து, கறுத்த கழிவு ஆயில் பீப்பாய்க்குள் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது.