கரைகிற திருகு

எதிர் வீட்டு ஓய்வுபெற்ற கண்டக்டர் குளியலறையில் வழுக்கிக் கணுக்காலை உடைத்துக்கொண்ட சேதி மாடி முழுக்கப் பரவுவதற்குள் நான் பிளாஸ்கும் கையுமாக ஆஸ்பத்திரியில் இருந்தேன். உதவிக்குத்தான். போன இடத்தில் காதைக் கழற்றியா வைக்க முடியும்?

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, உடைந்த எலும்பைச் சேர்த்துப் பிடிக்கிற ஸ்க்ரூ, அதாவது திருகு, இரண்டு வகை என்றார். ஒன்று வழக்கமான எஃகு. எலும்பு கூடிய பிறகு மறுபடி கீறி எடுக்க வேண்டிவரலாம். மற்றது மெக்னீசியம், எலும்பு சேரச் சேர உடம்புக்குள்ளேயே கரைந்துவிடும், எடுக்கிற வேலையே இல்லை. யோசித்துச் சொல்லுங்கள் என்று போய்விட்டார். கண்டக்டரின் மகள் முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் உயிர் வந்தது. துணிக்கடையில் நாள் முழுக்க நின்று விற்கிறவள். அப்பா விழுந்ததிலிருந்து பெட்பேன் வைப்பதும், ஸ்டூலில் உட்கார்ந்தபடியே கண்ணயர்வதுமாக இருந்தாள்.

கண்டக்டரோ எஃகுதான் வேண்டும் என்றார். கரைகிற உலோகத்தை எப்படி நம்புவதாம். பஸ்ஸில் கம்பி கரைந்தால் ஜனங்கள் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பார்களாம். நான் சிரித்துவைத்தேன். மகள் சிரிக்கவில்லை. நிஜக் காரணம் வார்டுக்கே தெரியும். வெளிநாட்டிலிருக்கும் மகன், இந்தத் தடவை லீவு இல்லை, இன்னொரு ஆபரேஷன் என்றால் கட்டாயம் வந்துவிடுவேன் என்று போனில் சொல்லியிருந்தான். அதை மனுஷர் பக்கத்துக் கட்டில்காரர் வரைக்கும் சொல்லியாகிவிட்டது.

"அவன் வரணும்னு காலை ரெண்டு தடவை கிழிச்சுக்கப் போறியாப்பா?"

"வரேன்னு சொல்லியிருக்கான்ல."

"அம்மா படுத்தப்பவும் சொன்னான்." அவள் துண்டை உதறி மடித்தாள். "ரெண்டாவது தடவையும் உன்னைத் தூக்கப்போறது நான்தான். என்னால முடியலப்பா."

சண்டையாகச் சொல்லவில்லை. இந்த நிறத்தில் சேலை தீர்ந்துபோச்சு என்று கடையில் சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

நர்ஸ் ஊசி போட வந்தபோது கண்டக்டர், "டாக்டர்கிட்ட கரையறதையே போடச் சொல்லிடும்மா" என்றார். மகள் பக்கம் திரும்பவில்லை.

கொஞ்ச நேரத்தில் மகள் கட்டில் விளிம்பில் தலையைச் சாய்த்து, வாய் லேசாகத் திறக்கத் தூங்கிப்போனாள். அப்போது பார்த்துத் தலையணைப் பக்கத்திலிருந்த போன் அடித்தது. திரையில் கறுப்புக் கண்ணாடி போட்ட மகன் படம். கண்டக்டர் என்னைப் பார்த்தார், தூங்குகிறவளைப் பார்த்தார். போனை எடுத்துப் பேசவில்லை. சத்தம் வெளியே வராதபடி போர்வைக்குள் இழுத்து, இரண்டு கைகளாலும் வயிற்றோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார்.