தூசி படிந்த அடாப்டர்

"பென்குயின் படம் போட்டிருக்குடா. நான் வாங்கிட்டு வந்த வைஃபை அடாப்டர் பெட்டி மேலயே பெருசா போட்டிருக்கு. லினக்ஸ்ல ஓடும்னுதானே அர்த்தம்?"

"ஓடும்க்கா. சாதாரண கம்ப்யூட்டர்ல ஓடும். தம்பி மேசைமேல இருக்கற பெட்டில புராசஸர் வேற ஜாதி. அவங்க சைட்ல குடுக்கற டிரைவர், அதான் அடாப்டரை ஓட்டற புரோகிராம், அதுக்காகச் செஞ்சது இல்ல."

"அப்ப அந்த டிரைவரை நம்மளுக்குத் தகுந்த மாதிரி மாத்த முடியாதா?"

"சமைச்சு, பொட்டலம் கட்டி, ஒட்டிக் குடுத்துட்டாங்கக்கா. உள்ள என்ன போட்டாங்கன்னு அவங்க சொன்னாத்தான் நாம திரும்பச் சமைக்க முடியும். சொல்ல மாட்டேங்கறாங்க."

அவள் காதிலிருந்து ஃபோனை எடுத்து அதையே ஒரு முறை முறைத்தாள். பத்தொன்பது வருடமாக மருந்துக்கடை நடத்துபவள். உள்ளே என்ன இருக்கிறது என்று மேலே எழுதாமல் ஒரு பொருளை விற்கலாம் என்பதே அவளுக்குப் புதுச் செய்தி.

"என் கடைல இப்படி வித்தா என்னைத் தூக்கி உள்ள வெச்சிருவாங்க" என்றாள்.

மறுமுனையில் சிரித்தவனுக்கு ஒட்டகம் என்று பெயர். தம்பியோடு கல்லூரியில் ஒரே அறையில் இருந்தவன். கழுத்தைப் பார்த்தவர்களுக்குப் பெயர்க் காரணம் விளங்கிவிடும். இப்போது ஏதோ ஒரு தூரத்து ஊரில், யாரும் அதிகம் வாங்காத புராசஸர்களைச் செய்யும் நிறுவனத்தில் வேலை. தம்பியின் மேசைமேல் இருக்கும் சோப்புப் பெட்டி அளவுக் கம்ப்யூட்டரும் அங்கிருந்து வந்ததுதான்.

அந்தப் பெட்டிக்குள் தம்பியின் குரல் இருந்தது.

ஏழு மாதத்துக்கு முன் அவனுடைய குரல்வளையை எடுத்துவிட்டார்கள். உயிர் பிழைக்க அது ஒன்றே வழி என்று மருத்துவர் சொன்னதும் ஒட்டகம் விடுப்புப் போட்டுவிட்டு வந்து இறங்கினான். கடையின் சரக்கறையில், பஞ்சுப் பொதிகளுக்கு நடுவே, தெருச் சத்தம் எட்டாத மூலையில் மைக்கை வைத்து, அறுவைசிகிச்சைக்கு முன் பதினோரு நாள் தம்பியைப் படிக்க வைத்தான். இரண்டாயிரம் வாக்கியங்கள். 'நாற்காலியின் கால் ஆடுகிறது.' 'நீல நிறச் சட்டையை யார் எடுத்தது?' 'எருமை ஏன் ஏணியில் ஏறாது?' அர்த்தமில்லாத வாக்கியம் வரும்போதெல்லாம் தம்பி சிரித்துவிடுவான். "சிரிப்பு வேணாம்டா, வெட்டிட்டேன், திரும்பப் படி" என்பான் ஒட்டகம். கடையில் மாத்திரை எண்ணிக்கொண்டிருந்த அவளுக்கு அது கேட்கும். அந்தப் பதினோரு நாளும் அவள் எண்ணிக்கை தவறிக்கொண்டே இருந்தது.

இப்போது தம்பி தட்டச்சு செய்தால் பெட்டி பேசும். அவன் குரலேதான். கொஞ்சம் சமதளமாக, தூங்கி எழுந்தவன் பேசுவதுபோல. ஆனால் அவன்தான்.

"அக்கா, அந்தப் பென்குயினை விடு. அது பாவம், அதுக்கு ஒண்ணும் தெரியாது" என்றது பெட்டி அறைக்குள்ளிருந்து.

"நீ சும்மா இருடா. பெரியவங்க பேசிட்டிருக்கோம்."

தம்பி கையை விரித்துக்காட்டினான். கழுத்தைச் சுற்றிய மெல்லிய துணிக்குக் கீழே மூச்சு மட்டும் ஏறி இறங்கியது.

வரும் சனிக்கிழமை அவன் மகளுக்கு ஏழு வயது. தாயோடு வேறொரு நாட்டில் இருக்கிறாள். தாய்க்கு அங்கே வேலை, இவனுக்கு இங்கே சிகிச்சை. அந்தக் குட்டிக்கு அப்பா வைத்த பெயர் சுண்டெலி. அறுவைசிகிச்சைக்குப் பிறகு ஒரு நாள் வீடியோவில் அப்பாவின் கழுத்தைப் பார்த்தவள் தாயின் முதுகுக்குப் பின்னால் போனவள்தான், திரும்ப வரவில்லை. சரி, குரலாவது கேட்கட்டும் என்று ஃபோனைப் பெட்டியின் ஸ்பீக்கரோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தார்கள். "இது அப்பா இல்ல, யாரோ டப்பாக்குள்ள உக்காந்துட்டு அப்பா மாதிரி பேசறாங்க" என்று அழுதாளாம். அதற்கப்புறம் தம்பி ஃபோனைத் தொடவில்லை.

பெட்டியே இணையத்தில் ஏறிவிட்டால் குரல் நேராக அவள் காதுக்குப் போகும், டப்பாச் சத்தம் இருக்காது என்றான் ஒட்டகம். ஆனால் பெட்டியில் இணையக் கேபிள் செருகும் துளை போன மாத மின்னலில் கருகிவிட்டது. ஃபோனை வயரால் மாட்டியும் பார்த்தாயிற்று, பெட்டி கண்டுகொள்ளவில்லை. மிச்சமிருந்தது ஒரே ஒரு யூ.எஸ்.பி. துளை. அதில் செருக விரல்நுனி அளவு வைஃபை அடாப்டர் ஒன்று வேண்டும். சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள்.

"ஒண்ணு செய்ங்கக்கா" என்றான் ஒட்டகம். "லினக்ஸுக்குள்ளயே சில சிப்புக்கு டிரைவர் கூடவே வந்துரும். எல்லாரும் பாக்கற மாதிரி எழுதி வெச்சது. அதை எந்தப் புராசஸருக்கும் திரும்பச் சமைச்சுக்கலாம், உங்க பெட்டில நான் ஏற்கெனவே போட்டு வெச்சிருக்கேன். அந்தச் சிப் உள்ள அடாப்டரா பாத்து வாங்கணும். நான் வெச்சிருக்கற மாடல் பேர் அனுப்பறேன். நாலு வருஷமா ஓடுது."

அவன் பெயரை அனுப்பினான். அவள் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டாள்.

வியாழக்கிழமை மதியம் கடையைப் பூட்டிவிட்டு, மூன்று தெரு தள்ளி இருந்த கம்ப்யூட்டர் கடைக்குப் போனாள். கடைக்காரருக்கு அவளைத் தெரியும். மாதா மாதம் ரத்த அழுத்த மாத்திரைக்கு அவளிடம்தான் வருவார்.

சீட்டைப் பார்த்ததும் அலமாரியின் முன்வரிசையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தார். மேலே தூசி. விளிம்பு வெளுத்திருந்தது.

"இது வேண்டாம். பின்னால இருக்கறத எடுங்க" என்றாள்.

"ரெண்டும் ஒண்ணுதாம்மா."

"பரவால்ல, பின்னால கைய விடுங்க."

மருந்துக்கடையில் பழைய சரக்கு எப்போதும் முன்னால் நிற்கும், புதியது பின்னால் ஒளியும். அடுத்தவருக்கு முன்வரிசையிலிருந்து கொடுத்தாலும் தன் வீட்டுக்கு என்றால் அவள் கை தானாகப் பின்வரிசைக்குப் போகும். கடைக்காரர் முனகிக்கொண்டே தோள்வரை அலமாரிக்குள் கையை விட்டு, கண்ணாடித்தாள் மினுங்கும் ஒரு புத்தம் புதுப் பெட்டியை வெளியே எடுத்தார். அவள் தயாரிப்புத் தேதியைப் படித்தாள். இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கடைக்காரரையே வென்றுவிட்ட திருப்தியோடு வீட்டுக்கு வந்தாள்.

பெட்டி அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை இரவு ஒட்டகம் சொன்னபடி தம்பி ஒரு கட்டளையைத் தட்டினான். உள்ளே எந்தச் சிப் என்று காட்ட, திரையில் எழுத்தும் எண்ணுமாக எட்டு வந்தன. தம்பி அதைப் படமெடுத்து அனுப்பினான். ஒட்டகம் உடனே கூப்பிட்டான்.

"அக்கா, இது என்னோடது இல்ல."

"நீ சொன்ன அதே பேர்தான்டா!"

"பேர் அதேதான். உள்ள இருக்கற சிப்பை மாத்திட்டாங்க. புதுச் சரக்குல வேற சிப். சொல்லாம கொள்ளாம மாத்துவாங்க. என்னோடதுல வர்ற எட்டு எழுத்தைச் சொல்றேன், எழுதிக்குங்க. பழைய பெட்டி ஏதாவது கெடைக்கலையா, தூசி கீசி படிஞ்சு?"

அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது, உள்ளே என்ன மருந்து என்று பார்க்க வேண்டும் என்று ஒரு நாளைக்கு நாற்பது பேரிடம் சொல்கிறவள். கையில் கொடுத்ததைத் தள்ளிவிட்டு, மினுமினுப்பை வாங்கி வந்திருக்கிறாள். தேதியை மட்டும் வக்கணையாகப் படித்தாள்.

"அக்கா" என்றது பெட்டி. அவள் திரும்பவில்லை. "அக்கா, அடுத்த பிறந்தநாளுக்குப் பேசிக்கலாம். அவ எங்க போகப் போறா?"

அவனுடைய குரல் எதைச் சொன்னாலும் ஒரே மாதிரிதான் வரும். பரவாயில்லை என்பதும், பசிக்கிறது என்பதும் ஒரே சமதளத்தில். ஆகவே அவள் அவன் கைகளைப் பார்த்தாள். விசைப்பலகைமேல் அவை, மழைக்கு ஒதுங்கிய இரண்டு பறவைகள்போல ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன.

"சரி, நீ சாப்பிடு" என்றாள். வேறு என்ன சொல்வது?

சனிக்கிழமை கம்ப்யூட்டர் கடை திறக்கும்போதே அவள் வாசலில் நின்றாள்.

"முன்வரிசைல இருந்த அந்தப் பழசை எனக்குக் குடுங்க. தூசியோட."

கடைக்காரர் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டே அவளைப் பார்த்தார். "அதை நேத்து சாயங்காலம் ஒருத்தர் எடுத்துட்டுப் போயிட்டாரேம்மா. பதினஞ்சு வருஷமா கடை வெச்சிருக்கேன், பழசு வேணும்னு வாசல்ல நின்ன முதல் ஆள் நீங்கதான்."

"யாரு எடுத்தது? எந்தத் தெரு?"

"எனக்கென்ன தெரியும்? வந்தார், வாங்கினார், போனார்."

அவள் கல்லாப் பலகையைப் பிடித்துக்கொண்டாள். அழக்கூடாது என்று கண்ணை அங்குமிங்கும் ஓட்டினாள். சுவரில் தொங்கும் வயர்கள், விசைப்பலகைகள், கல்லாப் பக்கத்தில் பில் போடும் கிழட்டுக் கம்ப்யூட்டர். அதன் முதுகில் ஒரு சின்ன நீலப்புள்ளி சிமிட்டிக்கொண்டிருந்தது.

"அது என்ன?"

"எது? அதா? வைஃபை அடாப்டர். இந்தக் கடையை இங்க மாத்தினப்போ போட்டது."

"எந்தக் கம்பெனி?"

அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் மாறியிருந்தது. "நீங்க கேட்டதேதான்" என்றார்.

"அது நம்பர் என்னன்னு பாத்துச் சொல்லுங்க. எட்டு எழுத்து."

மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில், அடித்துவிட்ட பெயருக்குக் கீழே, ஒட்டகம் சொன்ன எட்டும் இருந்தன. கடைக்காரர் தன் திரையிலிருந்து ஒவ்வொன்றாகப் படித்தார். அவள் ஒவ்வொன்றுக்கும் பேனாவால் ஒரு புள்ளி வைத்தாள். எட்டாவது புள்ளியில் பேனா காகிதத்தைக் குத்திவிட்டது.

"நான் வாங்கின புதுசை நீங்க வெச்சுக்குங்க. இதை எனக்குக் குடுங்க" என்றாள். "உங்க கம்ப்யூட்டர்ல அது ஓடும். எங்களுதுல இது மட்டும்தான் ஓடும். என் தம்பி குரல் ஒரு பெட்டிக்குள்ள மாட்டிக்கிச்சு. சாயங்காலம் அஞ்சு மணிக்கு அவன் பொண்ணோட பேசணும்."

கோர்வையாகச் சொல்ல நினைத்திருந்தாள். இவ்வளவுதான் வந்தது.

அவர் கம்ப்யூட்டரின் முதுகுக்குக் கையை விட்டு அடாப்டரைப் பிடுங்கி, வேட்டியில் இரண்டு தேய்ப்பு தேய்த்தார்.

"போன மாசம் எனக்கு வேற பேர்ல மாத்திரை குடுத்தீங்க, ஞாபகம் இருக்கா? ராத்திரியெல்லாம் எனக்குத் தூக்கமே இல்ல. 'பேரை விடுங்க, உள்ள ஒண்ணுதான்'னு சொன்னீங்க." அவள் உள்ளங்கையில் அதை வைத்தார். "இன்னிக்கு என்னடான்னா பேர் ஒண்ணு, உள்ள வேறங்கறீங்க. உங்களை நம்பறதா வேண்டாமான்னே தெரியல. எடுத்துட்டு ஓடுங்க."

அவள் உண்மையிலேயே ஓடினாள். நாற்பத்தாறு வயதில், தெருவில், கையை மூடிக்கொண்டு.

செருகியதும் பெட்டி அதை அடையாளம் கண்டுகொண்டது. ஆனால் நீலப்புள்ளி எரியவில்லை. மணி இரண்டு. ஒட்டகம் ஃபோனில் நகம் கடிக்கும் சத்தம் கேட்டது.

"ஒரு சின்ன ஃபைல் இல்லக்கா, அவ்வளவுதான். அது அடாப்டருக்குள்ள போய் ஓடற ஃபைல். பெட்டில என்ன புராசஸர்னு அதுக்குக் கவலையே இல்ல. உங்க கடைக் கம்ப்யூட்டர்ல எறக்கி பென் டிரைவ்ல கொண்டு வாங்க. அதைக் காப்பி பண்ணிட்டு, அப்புறம் அடாப்டரைச் செருகலாம்."

"அப்ப டிரைவர்ங்கறது மேல தடவறது, இது உள்ளுக்குச் சாப்பிடறது. சரியா?"

"அக்கா, நான் ஆறு வருஷம் படிச்சதை நீங்க ஒரு வரில முடிச்சிட்டீங்க."

நான்கு மணி பத்து நிமிடத்துக்கு நீலப்புள்ளி எரிந்தது. ஒரு முறை சிமிட்டி, யோசித்து, மறுபடி சிமிட்டி, பிறகு நிற்காமல். தம்பி நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். அவள் அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள். ஏன் என்று இருவருக்கும் தெரியவில்லை.

ஐந்து மணிக்கு அழைத்தார்கள். படம் வேண்டாம், குரல் மட்டும் என்று ஏற்கெனவே பேசி வைத்திருந்தார்கள். அந்தப் பக்கம் பலூன் தேயும் சத்தம், யாரோ ஓடும் சத்தம், "வா, வந்து கேளு" என்று தாய் சொல்லும் சத்தம். பிறகு மூச்சு. ஒரு சின்ன மூச்சு, காதுக்கு மிகப் பக்கத்தில்.

தம்பி தட்டினான்.

"சுண்டெலி. அப்பாதான்."

அக்கா தன் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

"என் சைக்கிளுக்கு என்ன பேர்?" என்றது அந்தப் பக்கத்துச் சின்னக் குரல், போலீஸ்காரர்போல.

தம்பியின் விரல்கள் ஓடின. "நொண்டி ராஜா. மணி அடிக்காது. நீதான் வாயால அடிப்ப."

"ட்ரிங் ட்ரிங்" என்றது குரல், மிக மெதுவாக. பிறகு, "அம்மா! அப்பாதான்!" என்று அறையே அதிரக் கத்தியது.

அதற்கப்புறம் சுண்டெலி நிற்கவில்லை. பல் விழுந்தது, விழுந்த பல்லைத் தொலைத்தது, கேக்கில் தன் பெயரைத் தப்பாக எழுதியது. அப்பா பதில் தட்டி முடிக்கும் இடைவெளியை அவள் இரண்டே பதிலில் பழகிக்கொண்டாள். "அப்பா யோசிக்கறாங்க" என்று யாருக்கோ விளக்கம் வேறு சொன்னாள்.

"அப்பா, ஒரு ஜோக். எறும்பு ஏன் பள்ளிக்கூடம் போகல?"

"ஏன்?"

"ஏன்னா, பை அது மேல விழுந்திருச்சு!" சொல்லிவிட்டு அவளே விழுந்து விழுந்து சிரித்தாள்.

தம்பியும் சிரித்தான். அக்காவுக்குத் தெரிந்தது. தோள்கள் குலுங்கின, கண் இடுங்கியது, கழுத்துத் துணி படபடவென்று அடித்துக்கொண்டது. சத்தம் மட்டும் இல்லை. அவன் கைகள் விசைப்பலகைக்கு மேலே உயர்ந்தன, அங்கேயே நின்றன. எந்த எழுத்தைத் தட்டுவது?

சரக்கறையில் பஞ்சுப் பொதிகளுக்கு நடுவே கேட்ட அந்தச் சிரிப்புகள் அவளுக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. எருமைக்கு ஒன்று. நாற்காலிக்கு ஒன்று. வெட்டிட்டேன், வெட்டிட்டேன் என்று ஒட்டகம் சொன்னது.

அந்தப் பக்கம் சிரிப்பு மெல்ல அடங்கியது. அந்தச் சின்ன மூச்சு மறுபடி காதுக்கு அருகே வந்தது. காத்திருந்தது. அப்பா யோசிக்கிறார் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் காத்திருந்தது.

"அப்பா, நான் ஜோக் சொன்னா நீதானே முதல்ல சிரிப்ப. ஒரே ஒரு தடவை சிரியேன், அப்பா."