பக்கம் மாறிய படம்

தட்டின் வலது ஓரத்தில் ஒட்டிய ஒரு சொட்டு மருந்து, படத்தில் இடது ஓரத்தில் எரிந்தது. விக்டோரியா தட்டை எடுத்துத் திரும்பவும் வைத்தாள். மூன்றாம் தடவையும் அப்படியே விழுந்தது.

தூத்துக்குடி மிஷன் ஆஸ்பத்திரிக்கு வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்திறங்கிய பழைய காமா காமிரா அது. உடம்பில் ஏற்றிய கதிர்மருந்து மூளையில் எங்கே தேங்குகிறது என்று படமெடுக்கும். அதை ஓட்டத் தெரிந்தவள் மணப்பாட்டுக்காரி விக்டோரியா ஒருத்திதான். தினமும் காலையில் மருந்து கலந்த தண்ணீர்த் தட்டை வைத்து, படம் ஒரே சீராக விழுகிறதா என்று பார்ப்பாள். போன புதன்கிழமை இன்ஜினியர் வந்து காமிராவில் கம்பி மாற்றிவிட்டுப் போனார். கம்பி மாற்றினால் வலது இடதையும் சோதிக்க வேண்டும். மறுநாள் தட்டு சீராக விழுந்ததும் அது போதுமென்று அந்தச் சோதனையை விட்டுவிட்டாள்.

கம்பி மாற்றிய பிறகு, அந்த வியாழக்கிழமை அவள் படமெடுத்தது ஒரே ஆளைத்தான். ஹார்பரில் சரக்கு தூக்கும் வின்ச் ஓட்டும் செந்தூர்பாண்டி. வலிப்பு. படத்தில் உச்சந்தலையில், நடுவை ஒட்டி வலப்பக்கம் ஒரு கட்டி. பாளையங்கோட்டையில் இன்று பத்து மணிக்கு ஆபரேஷன்.

மணி எட்டரை. டெலிபோனில் லைன் கிடைக்கவில்லை. பெரிய டாக்டர் மெட்ராஸ் போயிருந்தார். விக்டோரியா தட்டின் படத்தை எடுத்துக்கொண்டு வேன் ஓட்டும் பர்னபாஸிடம் ஓடினாள்.

"அண்ணாச்சி, பாளையங்கோட்டைக்கு வண்டிய எடுங்க."

"டாக்டர் எழுதிக் குடுக்காம வண்டி வெளிய போவாதும்மா."

"ஒரு ஆளுக்குத் தப்பான பக்கத்துல மண்டையத் திறக்கப் போறாவ. நான் எடுத்த படத்தப் பாத்துத்தான்."

பர்னபாஸ் சாவியை எடுத்துக்கொண்டு வேனுக்கு நடந்தார்.

வல்லநாட்டுக்குப் பக்கத்தில் வைக்கோல் வண்டிகள் வழியை அடைத்தன. பர்னபாஸ் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. பேசாமல் திரும்பிவிட்டால் யாருக்குத் தெரியும் என்று விக்டோரியாவுக்கு ஒரு நினைப்பு வந்தது. ஆபரேஷனில் போய்விட்டான் என்பார்கள், அவ்வளவுதான். அப்படித் தனக்குத் தோன்றியதற்கு வெட்கி, வண்டியை இன்னும் விரட்டச் சொன்னாள்.

பாளையங்கோட்டையில் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் செந்தூர்பாண்டியின் மனைவி தங்கத்தாய் நின்றாள். இவளைக் கண்டதும் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்களுக்காண்டியா இம்புட்டுத் தூரம் வந்திய சிஸ்டர்? நீங்க எடுத்த படம் தெளிவா இருக்குன்னு டாக்டர் சொன்னாவ."

விக்டோரியா கையை உருவிக்கொண்டு கதவைத் தள்ளினாள். செந்தூர்பாண்டி மயக்கத்தில் கிடந்தான். தலையின் வலது பாதியை மழித்திருந்தார்கள். டாக்டர் ராஜதுரை கையுறை மாட்டிக்கொண்டிருந்தார்.

"சார், கத்திய வைக்காதிய. படத்துல பக்கம் மாறியிருக்கு. தப்பு என்னுது."

"இப்ப வந்து சொல்லுதியே. நிச்சயமாத் தெரியுமா?"

"மூணு தடவ பாத்தேன் சார். எங்க மிஷின் வலத இடதாக் காட்டுது."

அவர் அவளையும் படத்தையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு கையுறையைக் கழற்றினார்.

கழுத்து ரத்தக்குழாயில் மருந்து ஏற்றி எக்ஸ்ரே எடுப்பது ஆபத்து என்றுதான் அவர் அதைத் தவிர்த்திருந்தார். மறுநாள் அதையும் எடுத்தார்கள். கட்டி இடப்பக்கம் இருந்தது. அடுத்த புதன்கிழமை நெல்லிக்காய் அளவிலிருந்த அந்தக் கட்டியை எடுத்தார்கள்.

ஆனால் ஆபரேஷன் நின்ற அன்றே தங்கத்தாயிடம் சொல்லியாக வேண்டியிருந்தது. வாசல் படியில் அவளை உட்காரவைத்து, ஒன்றையும் மறைக்காமல் விக்டோரியா சொன்னாள்.

"வழியில வண்டி நின்னு போயிருந்தா?" என்று மட்டும் தங்கத்தாய் கேட்டாள்.

மூன்று மாதம் கழித்து மறுபடி படமெடுக்க செந்தூர்பாண்டி தனியாக வந்தான். மூளையின் இடப்பக்கம் வெட்டியதால் வலது காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தான்.

"தங்கத்தாய் வரலியா?"

"கூப்பிட்டேன் சிஸ்டர். இந்த ரூமுக்குள்ள வரமாட்டேன்னுட்டா."

அவன் மேசையில் படுத்தான். காமிராவை அவன் தலைக்கு நேரே இறக்குமுன், விக்டோரியா அவன் வலது காதோரம் ஒரு சொட்டு மருந்தை அடையாளத்துக்கு ஒட்டினாள். அவன் அதைப் பார்த்தான். கண்ணை மூடிக்கொண்டான்.