தொள்ளாயிரமா, நூறா

நீச்சல் குளத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் அவள் சேர்ந்த இரண்டாம் நாள் அது. முதல் நாள் கூட இருந்து மோட்டார், வடிகட்டி எல்லாம் சொல்லிக்கொடுத்த பழைய ஆள், மகளின் பிரசவத்துக்காக ரயிலேறிவிட்டார். மருந்து அறைச் சுவரில் அவர் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது.

குளோரின் கிராம்: 900 ÷ 3 (2 + 1)

காலை ஆறு மணி. எட்டு மணிக்குப் பிள்ளைகளின் வகுப்பு. அவள் கைப்பேசியில் தட்டிப் பார்த்தாள். 900 என்று வந்தது. தராசில் தொள்ளாயிரம் கிராம் பொடியைக் கொட்டியபோது, குவியல் அளவுக்கு மீறியதாகத் தெரிந்தது. மூட்டையில் அளவு எதுவும் போட்டிருக்கிறதா என்று புரட்டினாள். ஈரத்தில் எழுத்தெல்லாம் அழிந்துபோயிருந்தது.

தையல்காரரான கணவனுக்குப் போன் போட்டாள். அவன் கடையிலிருந்த பழைய சயின்டிஃபிக் கால்குலேட்டரில் அதையே அடித்தான்.

"நூறுங்குது."

"சரியா அடிச்சியா?"

"ரெண்டு தடவை அடிச்சிட்டேன். அடைப்புக்குறிக்குள்ள மூணு. வெளியே இருக்கிற மூணு அதோட ஒட்டிக்கிட்டு இருக்கு. ரெண்டையும் பெருக்கினா ஒன்பது. தொள்ளாயிரத்தை ஒன்பதால வகுத்தா நூறுதானே?"

"இடமிருந்து வலமாப் போகணும்னுதானே படிச்சோம்? முதல்ல வகுக்கணும், அப்புறம்தான் பெருக்கணும்."

"அப்போ தொள்ளாயிரம். ரெண்டும் சரி மாதிரிதான் இருக்கு. என்னைக் கேட்டா எப்படி?"

பழைய ஆளைக் கூப்பிட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடியும் அதே. குளத்தை நான்கு முறை சுற்றி வந்தாள். சீட்டின் முன்னால் போய் நின்றாள், திரும்பினாள். தராசிலிருந்து பொடியை அள்ளினாள், மறுபடி கொட்டினாள்.

எட்டு மணிக்குப் பிள்ளைகள் துண்டோடு வந்து நின்றபோது, வாசலில் சங்கிலி தொங்கியது. மேனேஜர் பாய்ந்து வந்தார்.

"ஏதோ ஒண்ணைப் போட்டுட்டுத் திறக்க வேண்டியதுதானே?"

"குறைஞ்சா கிருமி சார். கூடினா கண்ணு எரியும், மூச்சுத் திணறும். எதைப் போடட்டும்? நீங்க கையெழுத்துப் போட்டுக் குடுங்க, போடுறேன்."

அவர் வந்த வழியே திரும்பிப் போனார். தாய்மார்கள் முணுமுணுத்தபடி பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போனார்கள். வகுப்பு மாலைக்குத் தள்ளிப்போனது.

எட்டே முக்காலுக்குப் போன் அடித்தது.

"என்னம்மா, பதினோரு தடவை கூப்பிட்டிருக்கே?" பழைய ஆள்தான்.

"அண்ணே, தொள்ளாயிரமா, நூறா?"

"எந்த நூறு? தொள்ளாயிரத்தை மூணு பங்கா பிரி. காலைல ரெண்டு பங்கு, ராத்திரிக்கு ஒரு பங்கு. தொள்ளாயிரத்தையும் ஒரே நேரத்துல கொட்டிடாதே."

அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"பக்கத்துல ரெண்டு வார்த்தை எழுதியிருக்கக் கூடாதாண்ணே?"

"எனக்காக எழுதினதும்மா. எனக்குத்தான் தெரியுமே."

அறுநூறு கிராமை நிறுத்து, வாளித் தண்ணீரில் கரைத்து, குளத்தின் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். மோட்டாரைப் போட்டாள். மாலையில் பிள்ளைகள் குதித்துக் கும்மாளமிட்டபோதும் அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. யாராவது கண்ணைக் கசக்கினால் ஓடிப்போய்க் குனிந்து பார்த்தாள். "எரியுதா? நிஜமா எரியலையா?" கடைசிப் பிள்ளை தலை துவட்டிக்கொண்டு வெளியேறும் வரை கேட்டுக்கொண்டே இருந்தாள்.