ஒடெஸ்ஸாவின் ஆண் குரல்

அமெரிக்காவில் மேக்கன் நகரத்து வானொலிக்காரர் ஒருநாள் மதியம் ஒரு இசைத்தட்டைத் தவறுதலாக மெதுவான வேகத்தில் ஓடவிட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். அதில் பாடியவள் ஒடெஸ்ஸா டார்வர். சலவைக்கடையில் இஸ்திரி போட்டுக்கொண்டே எட்டு வருஷமாகப் பெட்வே குழுவில் பாடுகிறவள். அதுதான் அவளுடைய முதல் தட்டு. மேலே குழுவின் பெயர் மட்டும் இருந்தது.

மெதுவாக ஓடியதில் துள்ளல் பாட்டு ஏக்கப் பாட்டானது, பெண் குரல் ஆண் குரலானது. குரங்கு பிடிக்கப் போய்ப் பிள்ளையாரான கதை. அந்த ஆள் பாட்டை இன்னொரு தடவை போடச் சொல்லி ஊரே தொலைபேசியில் மொய்த்தது. வானொலிக்காரரும் வேகத்தை மாற்றாமல் தினமும் போட்டார்.

பெட்வே குழு வாசிக்கும் சனிக்கிழமை நடனத்துக்கு மண்டபம் பிதுங்கியது. எல்லோரும் அந்த ஆளைப் பார்க்க வந்தவர்கள். குழுத்தலைவர் லூசியஸ் பெட்வே, டிரம்ஸ் வாசிக்கும் கிளோவிஸை முன்னால் நிறுத்திப் பாடவைப்பது என்று முடிவுகட்டினார். ஒடெஸ்ஸா பின்னால் நின்று கூடப் பாடினால் போதுமாம். கிளோவிஸ் தலையைக் குனிந்துகொண்டான். அவன் பாடினால் வீட்டு நாயே எழுந்துபோகும், பாவம். ஒடெஸ்ஸா நேரே லூசியஸிடம் போனாள். சொந்தப் பாட்டுக்குத் தானே பின்பாட்டா?

"அண்ணே, எங்க சர்ச்சுல ஆம்பளைங்க பாட வரமாட்டாங்க, மரத்தடியில நின்னு கத பேசுவாங்க. சின்ன வயசுலேர்ந்து அவங்க பாகத்தையும் நாந்தான் பாடுறேன். நீங்க மெதுவா, சுருதிய இறக்கி வாசிங்க."

"சனம் சிரிச்சுட்டா?"

"எம்மூஞ்சியப் பாத்துத்தானே சிரிக்கும். உங்களுக்கென்ன வந்துச்சு?"

அவள் மேடையேறியதும் ஆள் எங்கே என்று இரண்டு பேர் குரல்கொடுத்தார்கள். அவள் அடிவயிற்றிலிருந்து முதல் வரியை எடுத்தாள். மண்டபம் அடங்கியது. பிறகு ஜோடி ஜோடியாக ஆட வந்தார்கள். முடிந்ததும் மறுபடி பாடச்சொல்லி விடவேயில்லை. லூசியஸ் அவள் பெயரை ஒலிபெருக்கியில் தொண்டை கட்டும்வரை சொன்னார்.

விஷயம் வானொலிக்காரர் காதுக்கும் போனது. நல்ல மனிதர், திங்கட்கிழமை குழுவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு தட்டைச் சரியான வேகத்தில் போட்டார். சலவைக்கடையில் எல்லோரும் வேலையை விட்டுக் கேட்டார்கள். பாட்டு முடிந்ததும் தொலைபேசியில் ஒரு பெண் திட்டுவதை வானொலிக்காரர் அப்படியே ஒலிபரப்பினார்.

"யாருய்யா இந்தக் கீச்சுக்குரல் பொண்ணு? பாட்டையே கெடுக்குறா. ஒடெஸ்ஸா டார்வர் பாடுனதப் போடுங்க."

கடையே சிரித்தது. ஒடெஸ்ஸாவும் சிரித்தாள், கண் கலங்கிவிட்டது. வானொலியில் அவள் பெயர் கேட்டது அதுவே முதல் தடவை.